கருவிழிக் கீறலுக்கு மரத்துப்போகும் சொட்டு மருந்து: நீங்களாக விட வேண்டாம்

குழந்தையின் நகம் பட்டுக் கருவிழியில் கீறல். பரிசோதனையின்போது மருத்துவர் விட்ட சொட்டில் வலி சட்டென்று நின்றுவிட்டது, அதையே வாங்கி வீட்டில் விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் வேண்டாம்.

அது பெரும்பாலும் புரோபராகெய்ன் அல்லது டெட்ராகெய்னாக இருக்கும். அரை நிமிடத்தில் மரத்துப்போகும், கால் மணி நேரம் போல நிற்கும். பிறகு வலி திரும்பும், நீங்கள் மறுபடி விடுவீர்கள். சிக்கலே அங்கேதான். கீறலை மூட வளர்ந்து வரும் மேல்தோல் செல்களை அந்த மருந்தே தடுக்கிறது. நாள்கணக்கில் விட்டால் கருவிழி புண்ணாகி, உருகி, ஓட்டை விழும் அளவுக்குக்கூடப் போகலாம். மரத்த கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது, தெரியாமல் கசக்கிவிடுவீர்கள்.

சில அவசர சிகிச்சை மருத்துவர்கள், சாதாரணக் கீறலுக்கு மட்டும், 24 மணி நேரத்துக்கு மேல் போகாமல் கொஞ்சமாகக் கொடுப்பதுண்டு. அது அவர்கள் பார்த்து முடிவு செய்வது.

சரி, வலிக்கு? பாராசிட்டமால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் போடுங்கள். கொடுத்த ஆன்டிபயாடிக் சொட்டை நேரம் தவறாமல் விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் இப்போதைக்குத் தொடவே வேண்டாம். சின்னக் கீறல் பொதுவாக 1 முதல் 3 நாளில் ஆறிவிடும். அதற்குள் வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.