கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஜார்ஜ்டவுன் கடையில் 'ஸ்டீல்ஹெட்' என்று சால்மன் போன்ற மீன் வைத்திருந்தார்கள். அது ஆற்று டிரவுட்தான் என்கிறார் என் அண்ணன். உண்மையா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது சரிதான் அம்மா. ஸ்டீல்ஹெட்டும் வானவில் டிரவுட்டும் ஒரே இனம். பசிபிக் கரையோர ஆறுகள்தான் பூர்வீகம். ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் ஒன்று ஆற்றிலேயே வாழ்ந்து முடிக்கும். இன்னொன்று, அதாவது ஸ்டீல்ஹெட், ஓரிரு வருடம் ஆற்றில் இருந்துவிட்டு, உடம்பு வெள்ளியாக மாறிக் கடலுக்குப் போகும். அங்கே நன்றாகப் பெருத்து, முட்டையிட, தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். பசிபிக் சால்மன்கள் பெரும்பாலும் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து மறுபடியும் கடலுக்குப் போகும்.

எது எங்கே வாழ்ந்தது என்று எப்படித் தெரியும்? சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன் வெட்டிய என் அப்பா, கெலாமா மீன் தலையிலிருந்து வெள்ளைக் கல் ஒன்றை எடுத்து என் கையில் வைப்பார். அது மீனின் காதுக்கல். மரத்தைப் போல அதிலும் வளையங்கள் உண்டு. கடல்நீரில் வாழ்ந்த காலத்து வளையத்தில் ஸ்ட்ரோன்டியம் என்ற தனிமம் கூடுதலாக இருக்கும். எனக்கு இன்றும் பெரிய வியப்பு கல்லின் நடுப்பகுதிதான். அது தாய் முட்டையில் வைத்த மஞ்சள்கருவின் சத்தில் உருவாவதால், தாய் கடலுக்குப் போய் வந்தவளா என்பதையும் சொல்லிவிடும்.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் பண்ணை மீன். புளி குறைத்துக் குழம்பு வையுங்கள், சதை மென்மையானது.