வீட்டுக் குறைகளும் வழக்குச் செலவும்: அடுக்குமாடி உரிமையாளர்களின் கேள்விகளுக்குப் பதில்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடி வீடு வாங்கிய அன்பர்கள், மேம்பாட்டு நிறுவனத்தோடு மோதினால் கைப்பணம் எவ்வளவு கரையும் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டு விவகார வழக்குகளை நெடுநாள் நடத்தி வருபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): சாவி பெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. குளியலறைச் சுவர் ஊறிப் படுக்கையறைச் சாயம் உரிகிறது. பழுதுபார்க்க 18,000 வெள்ளி ஆகுமாம். வழக்கறிஞரோ ஏறக்குறைய அதே தொகையைக் கட்டணமாகக் கேட்கிறார். வழக்குத் தொடரலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம், அம்மா. வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் விற்பனை ஒப்பந்தத்தில் குறைகளுக்கான பொறுப்புக் காலம் சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்கள். நீங்கள் இன்னும் அதற்குள்தான் இருக்கிறீர்கள். எழுத்து மூலம் அறிவித்த 30 நாளுக்குள் நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால், பழுதுபார்க்கும் செலவை முன்கூட்டியே தெரிவித்து, அவர்களே செய்துதர மேலும் ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகு, நீங்கள் வேலையை முடித்துச் செலவைக் கேட்கலாம். வீட்டு விலையில் 5 விழுக்காட்டை நிறுவனத்தின் வழக்கறிஞர் பிணையாக வைத்திருப்பதே இதற்காகத்தான். அதில் பாதி 8 மாதத்திலும் மீதி 24 மாதத்திலும் நிறுவனத்திடம் போய்விடும் என்பதால், காலம் தாழ்த்துவது உங்களுக்கே நட்டம்.

கடிதத்தை நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் அலுவலகச் சாப்பும் தேதியும் வாங்குங்கள். ஈரத் திட்டின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு, அளவு நாடாவை அருகில் பிடித்து, வாரந்தோறும் படமெடுங்கள். கசிவு பரவியதை அந்தக் கோடே காட்டிவிடும்.

அதற்கும் அசையாவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. 2002 முதல் இயங்கும் அம்மன்றத்தில் மனுக் கட்டணம் 10 வெள்ளி. கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளி. பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டு, பத்து வெள்ளியில் முடிந்திருக்க வேண்டியதற்குப் பல்லாயிரம் கொட்டி நீதிமன்றம் ஏறும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

கேள்வி (ஜெலுத்தோங்): வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்கு நிறுவனம் பெரிய வழக்கறிஞரோடு வந்தால் நான் என்ன செய்வது?

பதில்: பொதுவாக இரு தரப்புக்கும் அங்கே வழக்கறிஞர் கிடையாது. சிக்கலான சட்டப் பிரச்சினை இருந்து, வழக்கறிஞர் இன்றி ஒரு தரப்பு கடும் பண நெருக்கடிக்கு ஆளாகும் என்று மன்றம் கருதினால் மட்டுமே அனுமதி உண்டு. அப்போது எதிர்த்தரப்பும் அமர்த்திக்கொள்ளலாம்.

கேள்வி (செந்தூல்): நீதிமன்றத்தில் வென்றால் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா, ஐயா?

பதில்: கிடைக்காது. தோற்றவர் வென்றவருக்குச் செலவுத்தொகை கொடுப்பது பொதுவிதிதான். ஆனால் அத்தொகையை நிர்ணயிப்பது நீதிபதி. நீங்கள் உண்மையில் செலவழித்ததற்கும் அதற்கும் இடையே பெரும்பாலும் பெரிய இடைவெளி இருக்கும். கட்டணத்தின் மேல் 8 விழுக்காடு சேவை வரியும் உண்டு. தோற்றாலோ உங்கள் வழக்கறிஞருக்கும் கொடுத்து, எதிர்த்தரப்புக்கும் கொடுக்க வேண்டும். ‘வென்றால் பங்கு கொடுங்கள், தோற்றால் ஒன்றும் வேண்டாம்’ என்ற ஏற்பாட்டை நம் வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. அப்படிப் பேசுபவரிடமிருந்து விலகியே இருங்கள். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, மேல்முறையீடு வந்தால் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): எங்கள் கார் நிறுத்துமிடத்தின் கூரை ஒழுகுகிறது. நான் தனியாக வழக்குத் தொடரலாமா?

பதில்: பொதுச் சொத்தின், அதாவது எல்லா வீட்டாருக்கும் பொதுவான பகுதியின் குறைக்குத் தனி ஒருவர் செலவைச் சுமக்கத் தேவையில்லை, அது கட்டடத்தைப் பராமரிக்கும் கூட்டு நிர்வாகக் குழுவின் வேலை. குழு முதலில் நகராண்மையின் கட்டட ஆணையரை அணுக வேண்டும். பொதுச் சொத்தின் குறைகளைத் திருத்துவதற்கென்றே நிறுவனம் அவரிடம் வைப்புத்தொகை கட்டியிருக்க வேண்டும். அது போதாவிட்டால் 250,000 வெள்ளி வரை, அடுக்குமாடி நிர்வாகத் தகராறுகளைக் கேட்கும் ஸ்திராத்தா நிர்வாக நடுவர் மன்றத்தில் கோரலாம். அங்கும் பொதுவாக வழக்கறிஞர் இல்லை. அதற்கும் மேற்பட்ட தொகைக்கு நீதிமன்றம் போவதென்றால், பொதுக்கூட்டத்தில் செலவு மதிப்பீட்டை வைத்து ஒப்புதல் பெறுவது நல்லது. இல்லாவிட்டால் பாதி வழியில் குடியிருப்பாளர்களே குழுவுக்கு எதிராகத் திரும்பிவிடுவார்கள்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): சாவி கிடைத்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் தூணில் விரிசல் தெரிகிறது. காலம் கடந்துவிட்டதா?

பதில்: வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்குக் கடந்துவிட்டது, நீதிமன்றத்துக்கு இன்னும் கடக்காமல் இருக்கலாம். ஒப்பந்த மீறலுக்கு மீறல் நடந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள். மறைந்திருந்த சேதத்துக்கு, கவனக்குறைவின் பேரில் தொடுக்கும் வழக்கில், 2019 செப்டம்பர் முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் உண்டு; ஆனாலும் மொத்தம் 15 ஆண்டுகளைத் தாண்ட முடியாது. வழக்கறிஞருக்கு முன்பணம் கட்டுமுன் கட்டுமானப் பொறியாளரிடம் அறிக்கை வாங்குங்கள். விரிசல் வெறும் பூச்சில் என்று அவர் சொல்லிவிட்டால், பெருஞ்செலவு மிச்சம்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): பத்துக் குடும்பங்களுக்கும் ஒரே குறை. சேர்ந்து செய்தால் செலவு குறையுமா?

பதில்: குறையும். வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மனு போடுங்கள். 50,000 வெள்ளி வரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கிடைக்கும். பொறியாளரை மட்டும் பொதுவாக அமர்த்தி, அவர் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அறிக்கையில் ஒவ்வொரு வீட்டின் எண்ணும் குறையும் பழுதுச் செலவும் தனித்தனியாக இருக்கும்படி முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.