அறுபது வீட்டுக்குத் தண்ணீர் எங்கே? கேள்வி பதில்

அன்னூர்: நண்பர்கள் சேர்ந்து 5 ஏக்கர் தோட்டம் வாங்கியிருக்கிறோம். சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் 60 வீடு கட்ட ஆசை. எதிலிருந்து தொடங்குவதுங்க?

தண்ணீரிலிருந்து. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், வீட்டுக்கு நாலு பேர் என்றால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1.18 கோடி லிட்டர் வேண்டும். வருஷ மழை 600 மில்லிமீட்டர் என்று வைத்தால் உங்கள் 5 ஏக்கரில் விழுவது 1.2 கோடி லிட்டர். சொட்டு விடாமல் பிடித்தால்தான் வரவும் செலவும் சமம். அது நடக்காது, வெயிலும் மண்ணும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். 1000 சதுர அடி மொட்டை மாடியில் விழுவதே 55,000 லிட்டர்தான்.

ஆகவே செலவைக் குறைக்க வேண்டும். அந்த 135-இல் 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகிறது. குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்து அங்கே திருப்பினால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இதற்குத் தனிக் குழாய் வேண்டும். வரைபடத்திலேயே போட்டுவிடுங்கள், அப்புறம் சுவரை உடைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள். இன்னொன்று: நிலத்தில் பள்ளம், அதாவது மழைத் தண்ணீர் போகும் ஓடை, ஓடினால் அதை மூடாதீர்கள்.

பல்லடம்: போர் 1000 அடி போட்டால் போதுமா?

அடியில் கடும்பாறை. வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லையென்றால் புழுதி. ஆழத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சூலூர்: எங்களுக்கு 1200 அடி?

மேலே உள்ள பதில்தான்.

காங்கேயம்: எங்கள் இடத்தில் தென்மேற்கு மூலையில் பள்ளம் இருக்கிறது. வாஸ்துப்படி மண் கொட்டி மேடாக்கச் சொல்கிறார்கள்.

கூடாது. கொங்கில் பெரும்பாலும் நிலம் கிழக்கே சரிகிறது, நொய்யலே அப்படித்தான் ஓடுகிறது. வாஸ்து கேட்பதும் அதே சரிவுதான், அங்கெல்லாம் வாஸ்துவுக்கும் தண்ணீருக்கும் சண்டையே இல்லை. உங்கள் மூலை விதிவிலக்கு. அங்கே வீடு வேண்டாம், குட்டை வெட்டுங்கள்.

காங்கேயம்: தென்மேற்கில் குழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாதுங்களே?

மூடினால் மேலிருந்து வரும் வெள்ளம் எந்த வீட்டு வாசலுக்குப் போகும் என்று வாஸ்து சொன்னவரையே குறித்துத் தரச் சொல்லுங்கள்.

அவினாசி: நடுவில் வருகிறேன். பத்து வருஷமாகத் தண்ணீரே போகாத பள்ளத்தையும் விட வேண்டுமா? மனை கணக்கு உதைக்கிறது.

பதினோராவது வருஷ ஐப்பசி மழைக்கு உங்கள் மனைக் கணக்கு தெரியாது. முதலில் புல வரைபடத்தையும், நிலம் என்ன வகை என்று சொல்லும் கிராமக் கணக்கான அ பதிவேட்டையும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு என்றிருந்தால் அது அரசு நிலம், விற்கவே உங்களுடையது அல்ல.

அவினாசி: குழாய் பதித்து மேலே ரோடு போட்டால்?

முதல் வெள்ளத்திலேயே பிளாஸ்டிக்கும் சீமைக்கருவேல முள்ளும் அடைத்துக்கொள்ளும். மூடாதீர்கள் என்று இத்தோடு மூன்று முறை சொல்லிவிட்டேன்.

பெருந்துறை: சோலார் எந்தக் கம்பெனி?

கம்பெனி சொல்வதில்லை. 3 கிலோவாட் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும்.

பொள்ளாச்சி: ஏசி இல்லாமல் முடியுமா?

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக உங்கள் பக்கம்தான் வருகிறது. மேற்கே ஜன்னல் வையுங்கள், மாலை வெயிலுக்கு ஆழமான தாழ்வாரம் விடுங்கள்.

தாராபுரம்: காம்பவுண்டுச் சுவருக்குப் பதில்?

கிளுவை வேலி. குச்சி நட்டால் துளிர்க்கும், வறட்சி தாங்கும், மழைத் தண்ணீரை மறிக்காது. கொறங்காடு என்னும் மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்கள் தலைமுறையாகச் செய்வது. புல்தரை போடுவதாக இருந்தால் மட்டும் என்னிடம் வராதீர்கள்.

கோபி: தோட்டத்துப் பழைய கிணற்றை மூடிவிடலாமா?

மூடாதீர்கள். மாடித் தண்ணீரை வடிகட்டி அதில் விடுங்கள். ரோட்டுத் தண்ணீர் வேண்டாம், எண்ணெய் சேரும்.