வீட்டு விசிட், குடும்பத்தோட பேச்சு: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுல பதிமூணு வருஷம் இருந்தேன், இப்போ புதுசா வர்றவங்களுக்கு பயிற்சி குடுக்கறேன். கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, குழந்தை பேரு, ஊரு, போட்டோ எதையும் இங்க போடாதீங்க.

அடுத்த வாரம் முதல் விசிட் சார், எப்படி ஆரம்பிக்கிறது?

ஃபைலை பையிலேயே வைங்கம்மா. எனக்கு ட்ரெயினிங்ல படிவம் நிரப்ப ரெண்டு நாள் சொல்லிக்குடுத்தாங்க, ஒரு வீட்ல போய் எப்படி உக்காரணும்னு அரை மணி நேரம்கூட சொல்லல. பஸ் ஸ்டாண்ட்ல கிடைச்ச ஒரு பையன் வீட்டுக்கு முதல் தடவை போனப்போ வாசல்ல நின்னுக்கிட்டே "வருமானம் எவ்ளோ, வீட்ல யாராவது குடிப்பாங்களா"ன்னு கேட்டேன், அந்தம்மா எல்லாத்துக்கும் "இல்லீங்க". 'குடும்பம் ஒத்துழைக்கவில்லை'ன்னு எழுதிட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை எங்க ஆபீஸ் மூத்த அக்கா கூட வந்தாங்க. செருப்பைக் கழட்டிட்டு தரையில உக்காந்து, பூ கட்டிக்கிட்டிருந்த அந்தம்மாகிட்ட கொஞ்சம் நாரை வாங்கி இவங்களும் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கால் மணி நேரம் பூ விலைதான் பேச்சு. அப்புறம் ஒரே கேள்வி, "பையன் ராத்திரி யார் பக்கத்துல படுப்பான்?" "அவங்க பெரியம்மாகிட்டதான்." ரெண்டு தெரு தள்ளி இருந்த அந்தப் பெரியம்மா பேரே என் ஃபைல்ல இல்ல. கடைசியில குழந்தை யார்கிட்ட இருக்கணும்னு முடிவு பண்ற குழந்தைகள் நலக் குழு பையனை ஒப்படைச்சது அவங்ககிட்டதான்.

குழந்தையோட குடும்ப நிலைமையை விசாரிச்சு எழுதற சமூக விசாரணை அறிக்கைக்கு எத்தனை நாள்?

15. குழந்தையை குழு முன்னாடி முதல்ல ஆஜர்படுத்தின நாள்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள இறுதி உத்தரவு வரணும். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 36.

வீட்ல ஒரு வேளை சோத்துக்கே வழியில்ல, குழந்தைகள் இல்லத்துல மூணு வேளையும் கிடைக்கும். ஏன் சார் திருப்பி அனுப்பணும்?

வறுமைதான் பிரச்சினைன்னா வறுமைக்கு வழி பாருங்க, பிள்ளையைப் பிரிக்காதீங்க. இல்லம் கடைசி வழின்னு அதே சட்டம் பிரிவு 3 சொல்லுது. மத்திய அரசோட குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யால மாசம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு இருக்கு, வருஷ வருமானம் கிராமத்துல 72,000, மத்த இடத்துல 96,000-க்குள்ள இருக்கணும். எல்லாருக்கும் கிடைக்காது, ஆனா கணவரை இழந்த எத்தனை அம்மாக்களுக்கு இதை எழுதியே அனுப்பாம விட்டிருக்கோம்?

அந்தக் காசை அப்பன் குடிச்சுட்டா?

அதான் யார் கையில பணம் போய்ச் சேரும்னு முதல்லயே பேசணும். வீட்ல பாட்டி இல்லையா, சித்தி இல்லையா? அப்பனை மட்டும் குடும்பம்னு நினைக்கிறது நம்ம தப்பு.

பத்து வருஷமா ஃபீல்ட்ல இருக்கேன். குடும்பம் பொய்தான் சொல்லும்.

சொல்லும். வாசல்ல ஜீப் நின்னு தெருவே எட்டிப் பார்த்தா நானும்தான் சொல்லுவேன். நடந்து போய்ப் பாருங்க.

பாலியல் கொடுமைன்னாலும் பூ கட்டிக்கிட்டு உக்காரணுமா?

இல்ல, இதுல நீங்க சொல்றது சரி. குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்கற போக்சோ சட்டம் பிரிவு 19, தகவல் தெரிஞ்ச உடனே போலீஸ்ல சொல்லியே ஆகணும். "குடும்ப மானம்"னு சமரசம் பேச வர்ற சொந்தக்காரங்ககிட்ட உக்காரவே உக்காராதீங்க.

வீட்டு நிலைமைக்கு ஆதாரமா குழந்தை போட்டோவை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?

இப்பதானே சொன்னேன்! ஃபைல்ல வைங்க. அது குரூப்ல இருந்து வெளிய போச்சுன்னா இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, ஆறு மாசம் வரை ஜெயில், இல்ல ரெண்டு லட்சம் வரை அபராதம், ரெண்டுமேகூட வரலாம்.

தத்தெடுக்க எவ்ளோ நாள் ஆகும்?

என் வேலை அது இல்லங்க. தத்தெடுப்பைப் பாத்துக்கற மத்திய அரசு அமைப்பு காரா, அதோட இணையதளத்தைப் பாருங்க.

அறிக்கை எத்தனை நாள்ல குடுக்கணும் சார்?

மேல இருக்கு. படிச்சுட்டு கேளுங்கப்பா.

நியூசிலாந்துல குழந்தை விஷயத்துல சொந்தக்காரங்களை உக்கார வச்சே முடிவெடுப்பாங்கன்னு கிளாஸ்ல சொன்னாங்க, நம்ம ஊர்ப் பஞ்சாயத்து மாதிரியா?

நல்ல கேள்வி. 1989 சட்டத்துல கொண்டு வந்தாங்க, அந்த நாட்டுப் பூர்வகுடி மவோரி மக்களோட வழக்கத்துல இருந்து நிறைய எடுத்தது. பஞ்சாயத்து இல்ல, அங்க பெருசுங்க தீர்ப்பு சொல்லும், இதுல அதிகாரிங்க விவரத்தைச் சொல்லிட்டு ரூமை விட்டு வெளிய வந்துடணும், குடும்பம் மட்டும் பேசும். நான் ஒரு தடவை முயற்சி பண்ணேன், மாமா, சித்தி, பாட்டியை உள்ள விட்டுட்டு நாங்க டீக்கடையில ஒரு மணி நேரம். உள்ள சத்தம் வேற, போலாமான்னு ரெண்டு தடவை எழுந்துட்டேன். அப்புறம் மாமா வெளிய வந்து காலண்டர் தாள் ஒண்ணை நீட்டினாரு, எந்தக் கிழமை யார் பொண்ணை ஸ்கூல்ல விடறது, சனி ஞாயிறு யார் வீட்ல சாப்பாடுன்னு பின்பக்கம் பேரோட எழுதியிருந்துச்சு. அதை அப்படியே பராமரிப்புத் திட்டத்தோட வச்சு தச்சுட்டேன்.