வேலை விண்ணப்பத்தில் 'ஹெட் அப்' என்று எழுதலாமா?

கேள்வி: கோண்டாவிலில் எங்கள் சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்தேன். அதை சி.வி.யில் 'ஹெட் அப்' என்று எழுதினேன். "அப் எதற்கு? ஹெட் போதும்" என்கிறார் அண்ணா. எது சரி?

பதில்: இரண்டுமே சரிதான். ஒரு குழுவையோ பிரிவையோ திட்டத்தையோ பொறுப்பேற்று நடத்துவதைத்தான் இரண்டும் சொல்கின்றன. 'அப்' சேர்ந்தால் பேச்சுச் சாயல் கொஞ்சம் கூடும். அரச உத்தியோக விண்ணப்பமென்றால் அண்ணா சொன்னபடி விட்டுவிடுங்கள். தனியார் கொம்பனிக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் தாராளமாக எழுதலாம்.

நம் பிள்ளைகள் பிழை விடுவது வேறு இடத்தில். எதை நடத்தினீர்களோ அது இந்த வினைக்குப் பின்னால் நேராக வரவேண்டும்: 'ஹெட்டட் அப் த லைப்ரரி கொமிற்றி'. தலைவராக இருந்தேன் என்ற நினைப்பில் 'ஹெட்டட் அப் அஸ் பிரசிடென்ற்' என்று எழுதினால் வசனம் அந்தரத்தில் நிற்கும். குழுவின் பெயருக்குப் பதில் 'இற்' போட்டால் அது நடுவில் நுழையும்: 'ஹெட் இற் அப்'. பொறுப்பு முடிந்துவிட்டதால் உங்களுக்கு 'ஹெட்டட் அப்' என்ற இறந்தகாலம்தான் பொருந்தும். இப்போதும் தொடர்ந்தால், '2022 முதல்' என்பதற்கு 'ஹாவ் ஹெட்டட் அப்... சின்ஸ் 2022'.

இதே சொற்கள் பயணத்துக்கும் வரும். கொழும்பில் யாழ்தேவி ஏறுகிறவர் 'ஹெட்டிங் அப் ரு ஜஃப்னா' என்றால் வடக்கே போகிறார், அவ்வளவுதான். பின்னால் 'ரு' வந்து ஊர்ப்பெயரும் வந்தால் அங்கே தலைமைப் பேச்சே இல்லை. 'கிவ் மீ எ ஹெட்ஸ் அப்' என்பதோ, முன்கூட்டியே ஒரு சொல் சொல்லிவையுங்கள் என்பது. அது பெயர்ச்சொல்; நடுவில் சிறுகோடு போட்டு எழுதுவார்கள். உங்களுக்குச் சான்றுக்கடிதம் தருபவர் 'ஷீ ஹெட்ஸ் அப்' என்று எழுதினால் அது வினை, கோடு வேண்டாம்.

இலக்கணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 'ஹெட்டட் அப்' என்று கண்டதும் நேர்முகத்தில் கட்டாயம் கேட்பார்கள்: குழுவில் எத்தனை பேர், என்ன செய்தீர்கள்? அதை அந்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். 'ஹெட்டட் அப் எ சிக்ஸ்-மெம்பர் லைப்ரரி கொமிற்றி அண்ட் ரீஓப்பன்ட் த சில்ட்ரன்ஸ் செக்‌ஷன்' என்ற மாதிரி, உங்கள் உண்மையான கணக்கோடு. குழுவில் ஓர் அங்கத்தவராக மட்டும் இருந்திருந்தால் 'ஹெல்ப்ட் ரன்' போதும், அதிலும் மதிப்புண்டு. முன்பு இருந்தவர் இடைநடுவில் விலக நீங்கள் பொறுப்பெடுத்தீர்கள் என்றால் 'ருக் ஓவர்' என்று எழுதுங்கள்.