ஜன்னலில் பெயர் இருக்கிறது, போர்க்கல்லறைப் பட்டியலில் இல்லை

ஆலய ஜன்னலில் நினைவாகப் பெயர் எழுதப்பட்ட வீரரைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் தளத்தில் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். அங்கே இனித் தேடாதீர்கள், கிடைக்காது. அவர்கள் கணக்கு இரு உலகப் போர்களுக்கானது: 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரை, பிறகு 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரை மட்டும்தான். தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலுள்ள உங்கள் ஆலயத்து வண்ணக் கண்ணாடியில் 'லேடிஸ்மித், 1900' என்று இருப்பதால், அவர் அநேகமாக, பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிக் குடியேறிகளான போயர்களுக்கும் அங்கே நடந்த போயர் போரில் (1899–1902) இறந்தவர்.

பார்க்க வேண்டியது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியல், டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், பிரிட்டிஷ் போர்த்துறை) 100 வரிசை. உங்கள் ஊர் இருந்த அன்றைய பிரிட்டிஷ் காலனியான நேட்டாலில் திரட்டிய படைகளும் அதில் உண்டு.

தேட அவருடைய ரெஜிமெண்ட் (படைப்பிரிவு) பெயர் வேண்டும். மேகமூட்டமான நாளில் உள்ளே நின்று, ஜன்னலின் அடிப்பட்டையை ஜூம் செய்து படமெடுங்கள். வெயிலடித்தால் வெளிச்சம் எழுத்தை விழுங்கிவிடும். கருப்புப் பூச்சைச் சுரண்டி எழுதியிருப்பார்கள். ஈயப்பட்டை குறுக்கே ஓடி ஓரிரு எழுத்தை மறைக்கலாம். ரெஜிமெண்டின் தொப்பி முத்திரை வரைந்திருந்தால் வேலை சுலபம்.

'போரில் மாண்டார்' என்றிருந்தாலும் குண்டடி என்று முடிவுகட்டாதீர்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் சண்டையைவிட டைபாய்டு போன்ற நோய்களுக்கே அதிகம் பேர் பலியானார்கள்.

எழுத்து மங்கலாக இருக்கிறதென்று கிளீனர் போட்டுத் துடைத்துவிடாதீர்கள். பூச்சு சரியாகச் சுடப்படாத கண்ணாடியென்றால் பெயரே துணியோடு வந்துவிடும்.