ஜிப்சியின் பின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றலாமா?

உங்கள் கேள்வி: மாருதி ஜிப்சியில் டயரைப் பெரிதாக்கிய பிறகு பிரேக் போதவில்லை, ஓடையில் இறங்கி ஏறினால் பின்பக்கம் பிடிப்பதே இல்லை, டிஸ்க் போட்டால் சரியாகுமா?

முதல் குறைக்கு டிஸ்க் மருந்தில்லை, இரண்டாவதற்கு மருந்துதான்.

பிரேக்கை மிதித்ததும் எடை முன்னால் சாய்ந்துவிடும். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் டிஸ்க்குகளுடையது. 205/70 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் கிட்டத்தட்ட 10 சதவீதம் கூடும், அதே மிதிக்குக் கிடைக்கும் பிடிப்பும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். அதற்குப் பின்பக்கத்தைத் தோண்டுவதைவிட முன்னால் நல்ல பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை), புது பிரேக் ஆயில் என்று தொடங்குங்கள், செலவும் குறைவு.

சேறும் தண்ணீரும் வேறு கதை. சேற்றில் ஓடிய வண்டியின் டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். லைனிங் (உராய்வுப் பட்டை) பொடியும் மண்ணும் குழைந்து, டிரம்மின் உள்சுவரை அழுத்திப் பிடிக்கும் ஷூ மேல் சாம்பல் நிறப் பசையாக அப்பியிருக்கும், இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரின் பல்சக்கரம் துருப்பிடித்து ஸ்க்ரூடிரைவருக்கு அசையாது. அட்ஜஸ்டர் இறுகிப்போனால் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும், பெடல் ஆழமாக இறங்கும். பாதிப் பேர் 'டிரம் வேஸ்ட்' என்று சொல்வது இதை வைத்துத்தான். சுத்தம் செய்து, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒழுகினால் அதை மாற்றி, டிரம்மை லேத்தில் கடைந்து, இடைவெளியைச் சரியாக வைத்தால் கணிசமாகத் தேறிவிடும். கடையும்போது டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அதன் பிறகும் வாரம் தவறாமல் ஆற்றில் இறங்குகிறீர்களா? அப்போது டிஸ்க் நியாயம்தான். தண்ணீரை உதறிவிடும், திறந்தே இருப்பதால் கழுவுவதும் எளிது.

நான் தயங்குவது ஹேண்ட் பிரேக்கால்தான். ஏதோ ஒரு காரின் முன் காலிப்பரை (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) கொண்டுவந்து, லேத்தில் பிராக்கெட் செய்து மாட்டித் தருகிறேன் என்பார்கள். அதில் ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு இடமே இருக்காது. ஏற்றத்தில் இன்ஜின் அணைந்து நிற்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பெடலை மிதித்து ஆயில் லைனைப் பூட்டி அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கிறதே என்பார்கள். நிறுத்திவிட்டுப் போக அதை நம்பவே கூடாது, சூடான ஆயில் ஆறினால் அழுத்தம் இறங்கி வண்டி உருளும். கேபிள் நெம்புகோல் உள்ள காலிப்பரோ, பிராடோ மாதிரி டிஸ்க்கின் நடுவே சின்ன டிரம் உள்ள அமைப்போ கிடைத்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

அடுத்தது முன்-பின் சமநிலை. டிரம் சுழலும்போது முன் ஷூவைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்குக்கு அந்தச் சலுகை இல்லை, கூடுதல் அழுத்தம் வேண்டும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இருந்தால் அது டிரம்முக்குக் கணக்கிட்டது. டிஸ்க்குக்கு அது பொருந்தாது, பின்பக்கம் சும்மா சுற்றலாம். காலிப்பர் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ பின் சக்கரம் முதலில் பூட்டி (சுற்றாமல் நின்று), இறக்கத்தில் வண்டி குறுக்கே திரும்பும். திருகிச் சரிசெய்யும் வால்வு ஒன்றும், காலிப்பருக்கு ஏற்ற மாஸ்டர் சிலிண்டரும் (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) கணக்கில் வர வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்காக அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பேட் உரசிக்கொண்டே ஓடும்.

இன்னொன்று சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரரும் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

இத்தனைக்கும் பிறகு மாட்டினால், ரோட்டில் ஏற்றும் முன் ஆளில்லாத மண் திடலில் மெதுவாக ஓட்டிச் சட்டென்று மிதியுங்கள். வெளியே ஒருவரை நிறுத்தி எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். முன் சக்கரம் முதலில் பூட்டும் நிலை வரும் வரை வால்வைத் திருகித் திருகிப் பாருங்கள்.